சீலன்ட்டுக்குத் தமிழில் என்ன?

'கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள்' என்பது எல்லோருக்கும் புரியும். மொட்டைமாடியில் இரண்டு கட்டடப் பகுதிகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில் பீய்ச்சி நிரப்புகிற சீலன்ட்டும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். மூலம் 'சிகில்லும்' என்ற லத்தீன் சொல். அடையாளத்தைக் குறிக்கும் 'சிக்னும்' என்பதன் குறுவடிவம். மெழுகில் பதித்த சின்ன உருவத்துக்குப் பெயர் அது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, இறுக மூடுவது என்ற பொருளும் அதோடு ஒட்டிக்கொண்டது.

ஆகவே 'முத்திரைப் பொருள்' என்று பெயர்த்தால் எடுபடாது. 'அடைப்பு' என்றால்? சாக்கடையும் இதயமும் நினைவுக்கு வருவது இருக்கட்டும், சிமெண்ட் கலவையை அப்பினாலும் அடைப்புதானே! அங்கேதான் சிக்கல். 30 மீட்டர் நீளமுள்ள தளம், வெப்பம் 30 டிகிரி ஏறி இறங்கினால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அப்பிய கலவை அதில் வெடித்துவிடும். சீலன்ட் கூடவே இழுபட வேண்டும். அதற்காக இடைவெளிக்குள் முதலில் ஒரு நுரைக்கயிற்றைச் செருகி, அதன்மேல் அகலத்தில் பாதி ஆழத்துக்கு நிரப்புவார்கள். இரண்டு பக்கமும் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியில்லாமல் கிழியும்.

கிழிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், கடலோரமானால் உப்பும் சேர்ந்து. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிமேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைத்ததும் துரு தொடங்குகிறது. துரு, அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெட்டித் தள்ள, கம்பி போகும் போக்கிலேயே கீறல் விழுந்து, காரை பாளம் பாளமாகப் பெயரும். மேலே பூசி மறைத்தால் கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

கடற்கரையில் சீலன்ட்டுக்கு நெருக்கமான ஒரு சொல் உண்டு: கலப்பத்து. தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து நீர் புகாமல் செய்யும் வேலை. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேலையின் பெயர், பொருளின் பெயரல்ல.

என் தேர்வு 'நெகிழடைப்பு'. கொத்தனாரிடம் போய் அப்படிச் சொல்லுங்கள் என்று கேட்க மாட்டேன். அவருக்குச் சீலன்ட்டே போதும். எழுதும்போது மட்டும், வெறும் 'அடைப்பு' என்று போட்டுவிட்டு, பிறகு யாரோ கலவையை அப்பிவிட்டுப் போனார்கள் என்று புலம்ப வேண்டாமே.