சாட்சி சொன்ன பிறகு வலிக்கக் கூடாதா?

ஜெபத்தில் சுகமாகிவிட்டது என்று வலியை மறைத்துக்கொண்டு என் சிகிச்சை நிலையத்துக்கு வந்தவர்களில், இந்த வருடத்தில் இது நான்காவது பிள்ளை. மூன்றாவது பிள்ளை வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டது என் பிழை.

பதினாறு வயது. 1500 மீற்றர் ஓடுகிறவள், மாகாண மட்டத்துக்குத் தெரிவானவள். கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில்தான் என் சிகிச்சை நிலையம் இருக்கிறது. ரயில் போனால் யன்னல் கண்ணாடிகள் அதிரும். அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, வலது கணுக்காலின் உட்பக்கம் நான்கு விரற்கடை மேலே, எலும்பின் விளிம்பில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லை. கட்டில் விரிப்பின் ஓரம் மட்டும் அவள் கைக்குள் சுருண்டுகொண்டே போனது.

“வலிக்கிறதா மகள்?”

“இல்லை மிஸ். சுகமாகிவிட்டது.”

அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு தரம் குதிக்கச் சொன்னேன். குதிக்கப் போகிறவள்போல முழங்காலை மடக்கினாள், அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அழத் தொடங்கினாள். ரயில் ஒன்று கடந்து போகும்வரை நானும் பேசவில்லை.

கதை இதுதான். மூன்று வாரங்களுக்கு முன்பு பயிற்சியின்போது வலி வந்திருக்கிறது. பயிற்றுவிப்பாளர் பக்தியுள்ள மனிதர். காலில் எண்ணெய் பூசி, கைவைத்து ஜெபித்திருக்கிறார். அன்று வலி குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிள்ளை எழுந்து நின்று, கர்த்தர் தன்னைச் சுகப்படுத்தினார் என்று சாட்சி சொன்னாள். சபை முழுவதும் கை தட்டியது. செவ்வாய்க்கிழமை வலி திரும்பி வந்தது. இனி அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? வலிக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை சொன்னது பொய்யாகிவிடும். போதாததற்குப் பயிற்றுவிப்பாளர் ஏற்கனவே ஒரு வாக்கியம் சொல்லிவைத்திருந்தார்: “வலி என்று வாயால் அறிக்கையிடாதே.” முறிவு தொடங்கிய எலும்போடு அந்தப் பிள்ளை இன்னும் பதினொரு நாள் ஓடியிருக்கிறாள்.

அந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் எனக்குக் கோபம். நானும் ஜெபிக்கிறவள்தான், ஞாயிறு பாடசாலையில் பல வருடம் படிப்பித்தவள். ஆகவே விசுவாசமில்லாத டொக்டர்மார் பேச்சு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். வலியைச் சொல்வது அவிசுவாசம் என்று எந்த வேதத்தில் இருக்கிறது? ஆறாம் சங்கீதத்தில் தாவீது தன் எலும்புகள் நடுங்குவதாகக் கர்த்தரிடமே முறையிடுகிறான். இருபத்திரண்டாம் சங்கீதத்தில் எலும்புகளெல்லாம் கட்டுவிட்டன என்கிறான். அவனை யாரும், “எதிர்மறையாகப் பேசாதே” என்று வாய் பொத்தவில்லை. எழுதி வைத்து இன்றும் ஆலயத்தில் பாடுகிறோம். தொழில் புத்தியோடு வேதம் வாசிக்கிறவளுக்கு ஆதியாகமம் முப்பத்திரண்டாம் அதிகாரம் தனிச் சுவை. யாக்கோபு விடியுமட்டும் போராடி ஆசீர்வாதம் வாங்கினான், தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டும் போனான். இரண்டும் ஒரே இரவில் நடந்தன. அவன் நொண்டியதால் ஆசீர்வாதம் பொய்த்துவிட்டதென்று வேதம் சொல்லவில்லை.

பிறகு அந்த வசனம். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” பிலிப்பியர் நான்காம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். ஜேர்சியின் முதுகில், தண்ணீர்ப் போத்தலில், பஸ்ஸின் பின்கண்ணாடியில், எங்கும் இதைக் காணலாம். அதற்கு முந்தைய இரண்டு வசனங்களை வாசித்தவர்கள் எத்தனை பேர்? பவுல் கட்டப்பட்டிருந்து எழுதிய நிருபம் அது. வயிறு நிறைந்திருந்தாலும் பட்டினி கிடந்தாலும், நிறைவிலும் குறைவிலும், மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பெலனுண்டு என்கிறார். பதக்கம் வாங்கித் தருவேன் என்று அதில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பத்து வாரம் மைதான ஓரத்தில் உட்கார்ந்து, தன்னைவிட மெதுவாக ஓடியவள் தன் இடத்தில் ஓடுவதைப் பார்ப்பதற்கும் பெலன் வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அந்த வசனத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் காயப்பட்ட அன்றிலிருந்து பல பயிற்றுவிப்பாளர்களின் தொலைபேசி அழைப்புகளே நின்றுவிடுகின்றன. ஊக்கம் கொடுப்பது ஓடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விளையாட்டு முகாம்களில் எரிக் லிடலின் கதையைச் சொல்லாதவர்கள் இல்லை. 1924, பாரிஸ் ஒலிம்பிக். 100 மீற்றர் தகுதிகாண் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடமாட்டேன் என்றார். 400 மீற்றரில் 47.6 செக்கனில் தங்கம் வென்றார். கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனதும், யுத்த காலத்தில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை ஒழுங்கு செய்ததும், 1945 இல் அந்த முகாமிலேயே மூளைக் கட்டியால் 43 வயதில் இறந்ததும் பலருக்குத் தெரியாது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? பதினாறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் எழுகிறது?

அந்தப் பயிற்றுவிப்பாளரை வரச் சொன்னேன். சண்டைக்கு ஆயத்தமாக இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். வந்தவரைப் பார்த்ததும் பாதிக் கோபம் இறங்கியது. விடிய ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கிற மனிதர், கிடைக்கிற கொடுப்பனவு பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வாங்கவே போய்விடுகிறது. கதிரையில் இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “அப்படியென்றால் நான் ஜெபிக்கக் கூடாதா மிஸ்?” என்று கேட்டார்.

ஜெபியுங்கள் சேர். தாராளமாக ஜெபியுங்கள். ஆமென் சொன்ன கையோடு தாய்க்குத் தொலைபேசி எடுங்கள். பவுலோடு கூடப் பயணித்த லூக்கா வைத்தியர். பவுல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

எதைக் கண்டால் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார். நல்ல கேள்வி, எல்லாருக்கும் சொல்கிறேன். தசைநோவு பரவலாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி வேறு. அதை ஓடி ஆற்ற முடியாது. இரவில் படுக்கையில் வலித்தால், நடக்கும்போது நொண்டினால், அன்றே நிறுத்துங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். ஓடி ஓடிக் களைத்த எலும்பில் விழும் இந்த வகை முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். இவளுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது. செலவைச் சொல்லித் தள்ளிப்போடவும் வேண்டாம், அரசாங்க வைத்தியசாலையில் காட்டலாம். போட்டி அன்று காலையில் வலிமாத்திரை கொடுத்து ஓடவிடுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. றக்பி சேர்மாரே, தலையில் அடிபட்டுத் தடுமாறின பையன் அன்று திரும்ப மைதானத்துக்குள் இறங்கக் கூடாது. கடைசி ஐந்து நிமிடமென்றாலும், பரம வைரிப் பாடசாலையோடு என்றாலும் கூடாது.

இன்னொன்று உபவாசம். எங்கள் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். அதே வெயிலில்தான் தவக்காலமும் வரும். காலையிலும் மத்தியானத்திலும் சாப்பிடாமல் பின்னேரம் 400 மீற்றர் ஓடி மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே நோன்புக் கடமையைப் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குத்தான் விதிக்கிறது, அதுவும் திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும். திருச்சபை கேட்காததை நீங்கள் ஏன் பிள்ளையிடம் கேட்கிறீர்கள்? சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்திருந்த எலியாவைத் தேவதூதன் உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், பிரயாணம் வெகுதூரம் என்று.

தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பயிற்சி எடுக்கிற மகளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லையென்றால், தொல்லை விட்டது என்று இருந்துவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்கிற செய்தி அது, அடுத்தது எலும்புதான். தயவுசெய்து வெட்கப்படாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள்.

போதகர்மாரிடமும் ஒரு மன்றாட்டு இருக்கிறது. காயப்பட்ட பிள்ளையை உடனே மேடையேற்றிச் சாட்சி கேட்காதீர்கள். மூன்று மாதம் போகட்டும். உண்மையாகவே சுகமாகியிருந்தால் சாட்சி எங்கும் ஓடிவிடாது.

இரண்டாம் முறை அவளைப் பயிற்றுவிப்பாளரே முச்சக்கரவண்டியில் கூட்டிவந்தார். முறிந்த காலுக்குப் போடும், முழங்கால்வரை வருகிற பூட்ஸ் போட்டிருந்தாள். இந்தப் பருவம் மாகாண மட்டம் இல்லை என்பது தெரிந்துவிட்டது; அதற்கு அழுது முடித்திருந்தாள். அவளுடைய கவலை வேறு. “மிஸ், இந்தப் பூட்ஸோடு ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கோயிலுக்குப் போவது? எல்லாரும் கேட்பார்களே.”

எனக்குப் பதில் வரவில்லை. வாசலில் நின்ற சேர்தான் சொன்னார்: “நான் கூட வருகிறேன் மகள். அவசரப்பட்டது நான் என்று நானே எழுந்து சொல்கிறேன்.”

அவள் பயிற்சிகள் முடிய நாற்பது நிமிடம் ஆனது. சேர் வெளியே அதே கதிரையில், இடது காலை அதேபோல நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை வருடமாக அந்த முழங்கால் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது ஒன்றுமில்லை மிஸ், விளையாடின காலத்தில் வந்தது என்றார்.

உள்ளே வந்து கட்டிலில் ஏறச் சொன்னேன். பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, அவர் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டத் தொடங்கினார்.