அஃபர்மேஷன்: உறுதிமொழியா, தேற்றுமொழியா?

மன அழுத்தத்தைத் தணிக்க வழி கேட்டால் இப்போது இரண்டு சொற்கள் சேர்ந்தே வருகின்றன: மைண்ட்ஃபுல் பிரீத்திங் (மூச்சைக் கவனித்தபடி இருப்பது), அஃபர்மேஷன் (தனக்குத்தானே நல்ல சொல் சொல்லிக்கொள்வது). முதல் சொல்லுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டாவதற்குத்தான் நாம் 'உறுதிமொழி' என்ற பொருந்தாத சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் மூச்சு. மைண்ட்ஃபுல்னஸ் என்பது பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள 'சதி' என்ற சொல்லுக்கு பாலி அறிஞர் ரீஸ் டேவிட்ஸ் 1881இல் தந்த மொழிபெயர்ப்பு. சதி என்றால் நினைவு. நடந்ததை மனத்தில் வைத்திருப்பதும் அதுதான், இந்தக் கணத்தில் விழிப்பாக இருப்பதும் அதுதான். தமிழிலும் 'பழைய நினைவு' என்கிறோம். மயங்கி விழுந்தவருக்கு 'நினைவு திரும்பியது' என்றும் சொல்கிறோம். ஆகவே 'நினைவோடு மூச்சு விடுதல்' என்றாலே போதும். பிராணாயாமம் வேறு, அதில் மூச்சை நீட்டுவோம், அடக்குவோம். இங்கே வருவதையும் போவதையும் கவனிப்பதோடு சரி.

'மூச்சு விடுதல்' என்ற பேச்சே எனக்குப் பிடித்தமானது. இழுப்பது, விடுவது இரண்டும் சேர்ந்த செயலுக்கு விடுவதை வைத்துப் பெயரிட்டிருக்கிறோம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது மெதுவாகும். பதற்றத்தில் இருக்கும்போது விடும் மூச்சை மட்டும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள், தோள்கள் தாமாகவே இறங்கும்.

சரி, அஃபர்மேஷனுக்கு வருவோம். இதன் வேர் லத்தீனின் 'ஃபிர்முஸ்', அதாவது திடமானது. 'அஃபிர்மாரே' என்றால் திடப்படுத்துதல். சட்டத்தில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. கடவுள் பெயரால் ஆணையிட மறுத்த குவேக்கர் கிறித்தவர்களுக்காக, அதற்குப் பதிலாக உறுதி கூறும் வழியை இங்கிலாந்துச் சட்டம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்றது. அந்தப் பொருளுக்கு 'உறுதிமொழி' கச்சிதமான தமிழ். ஆனால் தனக்குத்தானே நல்ல சொல் சொல்லிக்கொள்ளும் பழக்கம் வேறு வழியில் வந்தது. பிரான்சில் மருந்தாளராக இருந்த எமில் குவே (1857–1926), நாளுக்கு நாள் எல்லா வகையிலும் நலமடைகிறேன் என்று தினமும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். இதற்கும் அதே உறுதிமொழியை எடுத்து ஒட்டிவிட்டோம். உறுதிமொழி என்றால் கையை நீட்டி நின்று ஏற்பது. மீறினால் குற்ற உணர்வு வரும். ஏற்கெனவே அழுத்தத்தில் இருப்பவர் தலையில் இன்னொரு கடமையை ஏற்றுவானேன்?

என் தேர்வு 'தேற்றுமொழி'. தேற்று என்ற வினையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அழுகிறவரைத் தேற்றுகிறோம். நோயாளி உடம்பு தேறுகிறார். சொல்லோடு சேரும் 'ஏ' என்ற ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது ஐயமில்லாத தெளிவு. லத்தீன் வேரில் உள்ள திடம் இங்கேயே இருக்கிறது. அப்புறம் தேற்றாங்கொட்டை, அதாவது தேற்றா மரத்தின் விதை. பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்து, கலங்கிய நீரை ஊற்றி அசைக்காமல் வைத்தால், மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் படியும். மேலே தெளிந்த நீர். மண் எங்கும் போய்விடவில்லை, படிந்திருக்கிறது, அவ்வளவுதான். கலங்கித் தவித்த ஒரு பெண்ணின் மனம் தெளிந்ததைச் சொல்லக் கலித்தொகை இதையே உவமை ஆக்கியது. அழுத்தம் மிகுந்த நாளில் மனத்துக்கு நாம் கேட்பதும் இதைத்தானே. பானையை அசைக்காமல் வைப்பது மூச்சின் வேலை, கொட்டையின் வேலை சொல்லுக்கு.

தேறு என்பதற்கு 'நம்பு' என்றும் பொருள். 'தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்' என்கிறது குறள் (509). ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்த பின், நம்பத் தக்கதை நம்பு. இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சொற்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். உளவியலாளர் ஜோஆன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 'நான் அன்புக்குரியவர்' என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்புக் குறைந்தவர்களின் மனநிலை, அப்படிச் சொல்லாதவர்களுடையதை விடத் தாழ்ந்திருந்தது. உள்ளே நம்பாத ஒன்றை வாய் மட்டும் சொன்னால் தேறுதல் வராது. 'நான் எதையும் வெல்வேன்' என்பதை விட 'இன்றைய வேலையில் ஒரு பகுதியை முடித்துவிடுவேன்' நல்ல தேற்றுமொழி. அதை விடச் சிறியது, நம் வாயில் எப்போதும் இருப்பது, 'பார்த்துக்கொள்ளலாம்'. மூச்சை விடும்போது சொல்ல அளவாக இருக்கும்.

வழக்கில் இப்படிப் பயன்படுத்தலாம்: 'நேர்காணலுக்கு உள்ளே கூப்பிடும்வரை கண்ணை மூடி நினைவோடு மூச்சு விட்டேன். என் தேற்றுமொழியை மூன்று முறை சொல்லிக்கொண்டேன். கதவு திறந்தபோது கை நடுக்கம் குறைந்திருந்தது.'