நீச்சல் குளத்துக்கு நிறம் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

துபாய் மிர்திஃபில் ஒரு வில்லா. போன ஜனவரியில் அங்கே தண்ணீர் வடித்த நீச்சல் குளம் ஒன்றுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தேன். கட்டி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கருநீலக் கண்ணாடி மொசைக், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக் குழந்தைகள் குளத்திலிருந்து ஏறும்போதெல்லாம் கால்விரலில் ரத்தம் கசிந்தது.

கையிலிருந்த கார் சாவியின் முனையால் இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருந்த இடுக்கை மெல்லச் சுரண்டினேன். ஈர அரிசிமாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. டைல்ஸின் மட்டத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு கிரௌட், அதாவது அந்த இடுக்கை நிரப்பும் கலவை, ஏற்கெனவே கரைந்து போயிருந்தது. ஒவ்வொரு கண்ணாடிச் சில்லின் விளிம்பும் பிளேடு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இத்தாலி டைல்ஸ் என்று சொல்லித்தான் அவ்வளவு விலை கொடுத்தேன்" என்றார் வீட்டுக்காரர். திருநெல்வேலிக்காரர்.

"டைல்ஸில் ஒரு குறையும் இல்லை அண்ணாச்சி. இடுக்குதான் போய்விட்டது" என்றேன்.

பதினெட்டு ஆண்டுகளாக அமீரகத்தில் நீச்சல் குளங்களின் உட்புற வேலையைப் பார்த்து வருகிறேன். கெட்டுப்போன குளங்களில் டைல்ஸ் தன் தவறால் கெட்டதை அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். கிரௌட், ஒட்டுக்கலவை, வேலை நடந்த நேரத்தின் வெயில், குளத்தில் நிரப்பிய தண்ணீர் இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். கடைக்குப் போகிற குடும்பமோ நிற அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். துபாயில் குழாயில் வருவது கடல் நீரிலிருந்து உப்பை நீக்கிய தண்ணீர். கொஞ்சம் தாதுக்களைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். இருந்தாலும் அதில் கால்சியம் குறைவு. புதிதாக நிரப்பிய குளங்களில் நான் அளந்தபோதெல்லாம் கால்சியம் கடினத்தன்மை பெரும்பாலும் 100 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கீழேதான் இருந்தது. குளத்துக்கு வேண்டியது 200 முதல் 400 வரை. தனக்குப் போதாத கால்சியத்தைத் தண்ணீர் எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளும். குளத்துக்குள் சிமெண்ட் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கிருந்துதான் எடுக்கும். சிமெண்ட் கிரௌட் கரைவது இப்படித்தான்.

இப்போது அல் ஐன் பக்கம் போவோம். அங்கே ஒரு பண்ணை வீட்டுக் குளத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை டேங்கரில் கொண்டுவந்து நிரப்பினார்கள். உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த தண்ணீர். நம் ஊரில் போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் காரை பிடிக்குமே, அதே காரை அந்தக் குளத்தின் நீர்மட்டக் கோட்டில் விரல் பருமனுக்குப் பிடித்திருந்தது. இங்கே கிரௌட் கரையவில்லை. அதன்மேல் கல்லே வளர்ந்திருந்தது. இரண்டு வீடுகளுக்கும் இடையே ஒன்றரை மணி நேரப் பயணம்தான், குளங்களுக்கு வந்த நோயோ நேர் எதிர். ஆகவே "பாலைவனத்துக்கு எந்த டைல்ஸ் நல்லது?" என்று யாராவது கேட்டால், உங்கள் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

இதைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. 1936-இல் லாங்கிலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் குடிநீர்க் குழாய்களுக்காக வகுத்த குறியீட்டை இன்று குளத்துக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். பி.எச். (தண்ணீரின் அமில-கார நிலையைக் காட்டும் எண்), கால்சியம், காரத்தன்மை, கரைந்த உப்பு, வெப்பநிலை ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கீழே இறங்கினால் தண்ணீர் அரிக்கும், மேலே ஏறினால் காரை படியும். இந்த ஐந்தில் வெப்பநிலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மற்ற நான்கும் மாறாமல் இருந்தாலும், ஜூலையில் 36 டிகிரியில் காரை படியவைக்கும் தண்ணீரே ஜனவரியில் 20 டிகிரிக்கு இறங்கியதும் அரிக்கத் தொடங்கலாம். கோடையில் சில்லர் போட்டுக் குளிரவைத்த குளத்துக்கும் இதே கதைதான். மிர்திஃப் குளத்தில் ஆண்டு முழுவதும் சில்லரோ குளிர்காலமோ மாறி மாறி வந்ததால், அரிப்புக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

சரிசெய்வது கடினமல்ல. எட்டுக்கு ஐந்து மீட்டர் குளம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 60,000 லிட்டர். கால்சியத்தை 80-லிருந்து 220-க்கு உயர்த்தக் கால்சியம் குளோரைடு செதில் சுமார் 12 கிலோ போதும். ஒரே நாளில் கொட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களாகப் பிரித்து, பம்ப் ஓடும்போது சேர்க்க வேண்டும். வாளியில் முதலில் தண்ணீர், அதன்பிறகுதான் செதில். கரையும்போது வாளி கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும், ஆகவே குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அதே நாளில் காரத்தன்மைக்காகப் போடும் சோடா உப்பையும் போட்டால் தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிடும்.

இனி உட்பூச்சு. வெள்ளை சிமெண்டும் பளிங்குத் தூளும் கலந்த பிளாஸ்டர்தான் விலை குறைந்தது. நல்ல தண்ணீரில், நல்ல பராமரிப்பில் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரும். ஆனால் துபாய்க் குழாய்த் தண்ணீரை அப்படியே நிரப்பினால் குளத்தின் முழுப் பரப்பும் அந்தத் தண்ணீருக்கு இரையாகிவிடும். இரண்டே ஆண்டுகளில் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்துப் போன குளங்களைத் தடவிப் பார்த்திருக்கிறேன். பூசும் நாளில் காற்று அடித்தால் மேற்பரப்பு அவசரமாகக் காய்ந்து, சிலந்தி வலை போல வெடிப்பு விடும். கூழாங்கல் பதித்த பூச்சு இதைவிட உறுதியானது, ஏனென்றால் தண்ணீரைத் தாங்கி நிற்பது சிமெண்ட் அல்ல, கல். பாதத்துக்குச் சற்று முரடு. கடினத் தண்ணீர் உள்ள இடத்தில் கல்லின் பள்ளங்களுக்குள் காரை புகுந்துகொண்டால் எடுப்பது பெரும்பாடு. எபாக்சி என்ற செயற்கைப் பிசினில் செய்த பெயிண்டை இந்த வெயிலில் நான் யாருக்கும் சொல்வதில்லை. சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டத் தொடங்கிவிடும்.

அமீரகத்து வீட்டுக்கு என் பரிந்துரை வெளிர் நிற போர்சலின் அல்லது கண்ணாடி மொசைக், இடுக்குகளில் எபாக்சி கிரௌட். போர்சலின் என்பது மிகுந்த சூட்டில் சுட்ட அடர்த்தியான பீங்கான், தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, வெயிலில் நிறம் மங்காது. எபாக்சி கிரௌட்டில் சிமெண்ட் இல்லாததால் தண்ணீருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. காரை படிந்தாலும் மேலோடு நின்றுவிடும், துடைத்து எடுக்கலாம். சிமெண்ட் கிரௌட்டைவிட விலை பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் குளத்தின் மொத்தச் செலவில் கிரௌட்டின் பங்கு சிறியது. டைல்ஸில் ஒரு படி விலை குறைந்ததை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் எபாக்சிக்குப் போங்கள். இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் சலிப்பதில்லை எனக்கு.

மொசைக் வாங்கும்போது, சில்லுகள் வரிசையாக ஒட்டிவரும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் அது எந்தப் பசையில் ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். தண்ணீரில் கரையும் பசை என்றால், சுவருக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு நொய்ந்த அடுக்கை நாமே வைத்துவிடுகிறோம் என்று பொருள். ஒரு அட்டையை இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் சில்லுகள் வலையிலிருந்து கழன்று வந்தால், அந்தச் சரக்குக் குளத்துக்கு வேண்டாம். முன்பக்கம் காகிதம் ஒட்டிய மொசைக் என்றால் சில்லின் முதுகு முழுவதும் ஒட்டுக்கலவையில் பதியும்.

நிறத்தைப் பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. கறுப்பும் கருநீலமும் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. வெயிலின் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரே உறிஞ்சிக்கொள்கிறது. மீதி தரைக்குப் போகிறது. வெளிர் தரை அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், கறுந்தரை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஆழமான குளத்தில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான். குழந்தைகள் உட்கார்ந்து விளையாடும் முழங்கால் ஆழத் திட்டில் இது நன்றாகவே தெரியும். தண்ணீருக்கு வெளியே தெரியும் விளிம்பில் கறுப்பு டைல்ஸ் வைத்தால் வெறுங்காலை வைக்கவே முடியாது. 2025-இல் அபுதாபியின் சுவைஹானில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டிய கோடையில் அப்படி ஒரு விளிம்பைப் பெயர்த்து எடுத்தோம். இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான காரணம் வேறு. கறுந்தரைக் குளத்தின் அடியில் ஒரு குழந்தை கிடந்தால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வீட்டில் பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் கறுப்பு நிறத்துக்கு நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

எந்தப் பொருளை வாங்கினாலும், அது ஒட்டப்படும் நேரம் தவறினால் எல்லாம் வீண். ஒட்டுக்கலவை மூட்டையில் பொதுவாக 5 முதல் 35 டிகிரி வரை என்றுதான் அச்சிட்டிருக்கும். அது காற்றின் வெப்பம் மட்டுமல்ல, சுவரின் வெப்பமும்தான். எங்கள் மேஸ்திரி புதுக்கோட்டைக்காரர். அதிகாலை நான்கரை மணிக்குக் குளத்துக்குள் இறங்கி, முதலில் உள்ளங்கையை மேற்குச் சுவரில் வைத்துப் பார்ப்பார். "சார், நேற்றைய வெயிலை இந்தச் சுவர் இன்னும் விடவில்லை. கிழக்குச் சுவரில் தொடங்குவோம்" என்பார். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அவர் கை சொன்னது சரியாகவே இருக்கும். கலவையை இழுத்த பிறகு ஒவ்வொரு சதுர அடியிலும் விரல் வைத்துப் பார்ப்பார். விரலில் ஒட்டவில்லை என்றால் பாலில் படிவதுபோல மேலே ஆடை படிந்துவிட்டது. தயங்காமல் வழித்தெறிந்துவிட்டுப் புதிதாக இழுப்பார். சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

எபாக்சி கிரௌட்டும் வெயிலுக்கு அஞ்சும். நிழலில் முக்கால் மணி நேரம் கைக்கு வசமாக இருக்கும் கலவை, வெயிலில் இருபது நிமிடத்தில் இறுகும். டைல்ஸின் முகத்தில் படிந்ததை அதற்குள் கழுவாவிட்டால் பிறகு அந்தப் படலம் போகாது. டப்பாக்களை ஏ.சி. அறையில் வைத்து, சிறுசிறு அளவாகக் கலந்து, குளம் முழுவதற்கும் நிழல் வலை கட்டித்தான் செய்ய வேண்டும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது இங்கே சட்டம். குளத்தின் குழி வெளியைவிட மோசமானது. காற்று இறங்காது, வெள்ளைச் சுவர்கள் நாலா பக்கமும் வெயிலைத் திருப்பி அடிக்கும். "விடுமுறைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், ஜூலைக்குள் முடித்துக் கொடுங்கள்" என்று ஒப்பந்தக்காரரை நெருக்கும் வீட்டுக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவே இந்த வேலையை வையுங்கள். குழிக்குள் நிற்பவர் நம் ஊர்ப் பையன். மயங்கி விழுந்தவரைத் தூக்கி மேலே கொண்டுவந்த கை என்னுடையது.

கோடையில் குளத்தைக் காலியாகப் போட்டுவைப்பதும் ஆபத்து. தண்ணீரில் இருந்த டைல்ஸ் திடீரென்று வெயிலில் காய்ந்து விரியும்போது பிடிமானம் விட்டுப்போகும். கம்பியால் தட்டினால் உள்ளே வெற்றிடமாக இருப்பது டொக்கென்று ஒலிக்கும். கடற்கரைப் பகுதிகளில் இன்னொரு கவலையும் உண்டு. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால், காலிக் குளத்தை அது அடியிலிருந்து தள்ளித் தூக்கிவிடும். அங்கே தண்ணீர் மட்டத்தை அறியாமல் மோட்டாரைப் போடவே கூடாது.

மிர்திஃபில் டைல்ஸைப் பெயர்க்கவில்லை. கரைந்த கிரௌட் முழுவதையும் சுரண்டி எடுத்து, காற்றடித்துத் தூசி நீக்கி, உலரவிட்டு, எபாக்சி நிரப்பினோம். மூன்று பேருக்குப் பதினோரு நாள் வேலை. இரண்டு வாரம் ஆறவிட்டு, பிப்ரவரி இறுதியில் தண்ணீர் விட்டோம். நாளொன்றுக்கு 75 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்று சுவரில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக் கொடுத்திருந்தேன். அண்ணாச்சி முதல் இரண்டு இரவும் இரண்டு முறை எழுந்துபோய் டேப்பைப் பார்த்துக் குழாயை மூடித் திறந்தாராம். மூன்றாம் நாள் மாலை குளம் நிறைந்தது. அவருடைய சின்ன மகள் படியில் உட்கார்ந்து, சுவரில் உள்ளங்காலை மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தாள்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோதனைக் குப்பிகளைப் படம் எடுத்து அனுப்புகிறார். போன வாரம் கால்சியம் 230, பி.எச். 7.4.