நியூயார்க்கின் பொரி வல்லூறுகள்: ஓராண்டைக் கவனிப்பது எப்படி

பொரி வல்லூறு (Peregrine Falcon) என்ற வேட்டைப் பறவை கூடு கட்டாது. ஒரு குச்சியைக்கூடத் தூக்கி வராது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் தேங்கியிருக்கும் மண்ணிலும் பொடிக்கல்லிலும் நெஞ்சை அழுத்தி, கால்களால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி ஒரு குழி பறிக்கும், அதில்தான் முட்டையிடும். பெருநகரத்தில் இதற்கு வேண்டிய உயரமும் உண்டு, இரையும் உண்டு. இல்லாதது அந்தப் பொடிக்கல் மட்டுமே. வெறும் சிமென்ட் விளிம்பில் இட்ட முட்டை உருண்டு விழும். மழைநீர் தேங்கும் இடத்தில் இட்டால் குளிர்ந்து கெடும். மான்ட்ரியால் நகரின் சன் லைஃப் கட்டடத்தில் 1940-களில் ஒரு பெண் வல்லூறு ஆண்டுதோறும் குஞ்சுகளை வளர்க்க முடிந்தது என்றால், அங்கே மணலும் சரளையும் நிரப்பி வைத்த தட்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இன்று வைக்கப்படும் பெட்டிகளும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்று பக்கமும் அடைத்து, மேலே கூரை போட்டு, முன்பக்கத்தைத் திறந்து விடுவார்கள். அடிப்பலகையில் நீர் வடியத் துளைகள் வேண்டும். அதன்மேல் பட்டாணி அளவுள்ள உருண்டைச் சரளை எட்டு முதல் பத்து செ.மீ. ஆழத்துக்கு இருக்க வேண்டும். மணலை மட்டும் போட்டால் மழையில் நனைந்து இறுகிவிடும். உடைத்த ஜல்லியின் கூர்முனை முட்டைக்கு ஆகாது. பெட்டியின் வாய் மேற்கே பார்த்திருந்தால் மாலை வெயில் நேராக உள்ளே விழுந்து குஞ்சுகளை வாட்டும்.

நியூயார்க்கில் இத்தகைய பெட்டிகள் பாலங்களின் உச்சியில் இருக்கின்றன. வெரசானோ பாலத்தின் கோபுரம் 211 மீட்டர் உயரம். மரீன் பார்க்வே பாலத்தில் அது சுமார் 65 மீட்டர். 1983-ல் வெரசானோ, த்ராக்ஸ் நெக் ஆகிய இரு பாலங்களிலும் ஜோடிகள் குஞ்சு பொரித்தன. அது சாதாரணச் செய்தி அல்ல. 1964-ல் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பழைய வாழிடங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு ஒரு ஜோடிகூடக் கிடைக்கவில்லை. டிடிடி பூச்சிக்கொல்லி உடலில் டிடிஇ ஆகச் சிதைந்து கொழுப்பில் தங்குகிறது. பூச்சியைத் தின்ற சிறு பறவையிலிருந்து வல்லூறுக்கு ஏறும்போது அதன் அளவு பல மடங்கு கூடிவிடுகிறது. முட்டை ஓட்டுக்குக் கால்சியம் சேர்க்கும் வேலையை அது தடுக்கிறது. ஓடு மெலிந்த முட்டை, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கும். பிரிட்டன் ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளிலிருந்த ஓடுகளை ஒப்பிட்டு இந்த மெலிவை 1967-ல் வெளியிட்டார். அமெரிக்கா 1972-ல் டிடிடியைத் தடை செய்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் குழுவினர் கூண்டில் வளர்த்த குஞ்சுகளைக் கோபுரங்களில் வைத்து, மனித முகம் தெரியாமல் இரை கொடுத்துப் பறக்க விட்டார்கள். இன்றைய நியூயார்க் ஜோடிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை.

கவனிக்கத் தொடங்க நல்ல காலம் ஜனவரி கடைசி. பலர் மே மாதம் குஞ்சு வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதற்குள் பாதிக் கதை முடிந்துவிடுகிறது. 8×42 தொலைநோக்கி போதும். அடையாளத்துக்காக ஆய்வாளர்கள் காலில் மாட்டிய வளையத்தின் எழுத்தைப் படிக்க முக்காலியில் பொருத்திய 20–60 மடங்கு ஸ்கோப் வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கானல் அலையடித்து உருவம் கலங்கிவிடும். முதலில் பறவையைத் தேடாமல் எச்சத்தைத் தேடுவது நல்லது. சுவரில் வெள்ளைக் கோடாக வழிந்திருந்தால் அதற்கு மேலே அது வழக்கமாக அமரும் இடம் இருக்கும். புறாக் கூட்டம் திடீரென்று நெருங்கித் திரண்டு வட்டமடித்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். அமர்ந்திருக்கும் வல்லூறின் இறக்கை நுனி வால் நுனியை எட்டும். அதே நகரத்திலுள்ள சிறிய வல்லூறான கெஸ்ட்ரலுக்கு வால் நீண்டு வெளியே தெரியும். முதிர்ந்த பறவையின் வயிற்றில் கோடுகள் குறுக்கே ஓடும். முதலாண்டுப் பறவையின் உடல் பழுப்பு, கோடுகள் மேலிருந்து கீழாக இருக்கும்.

பிப்ரவரியில் ஆண் இரையைக் கொண்டுவந்து பெண்ணிடம் கொடுக்கத் தொடங்கும். பெண் ஆணைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரியது, எனவே ஜோடியாக அமர்ந்தால் எது எதுவென்று குழப்பமே வராது. இந்த மாதங்களில் இடத்துக்காக வெளியிலிருந்து வரும் பெண்ணோடு சண்டையும் நடக்கும். சாவில் முடிவதும் உண்டு.

மார்ச்சில் முட்டை. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. ஒவ்வொன்றுக்கும் இடையே சுமார் இரண்டு நாள். பெட்டியருகே பொருத்திய கேமராவில் பார்ப்பவர்கள் ஆண்டுதோறும் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். கடும் குளிரில் முதல் முட்டையைத் தனியே விட்டுவிட்டுத் தாய் விளிம்பில் நிற்கும். அது அலட்சியம் இல்லை. கடைசிக்கு முந்தைய முட்டை வரும் வரை முழுமையாக அடைகாக்காது. அப்போதுதான் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வளரத் தொடங்கிக் குஞ்சுகள் ஒரே அளவில் வெளிவரும். முழுநேர அடை தொடங்கிச் சுமார் 33 நாளில் பொரியும். இந்த நாட்களில் முட்டை தன் எடையில் சுமார் 15 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். ஓடு மெலிந்தால் இழப்பு மிகுந்து கரு வறண்டுபோகும். உடையாமல் தப்பிய பல முட்டைகளும் டிடிடி காலத்தில் பொரிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

குஞ்சுகளுக்கு முதல் பத்து நாள் தம் உடல் வெப்பத்தைத் தாமே காக்கத் தெரியாது. தாய் விலகவே மாட்டாள். வேட்டை முழுக்கத் தந்தையின் பொறுப்பு. சுமார் 650 கிராம் உள்ள ஆணுக்கு 300 கிராம் புறாவைத் தூக்கிக்கொண்டு ஏறுவது பெரும்பாடு. அதனால் தலையை நீக்கி, இறகைப் பிய்த்து, எடை குறைத்துக் கொண்டுவரும். அல்லது மைனா அளவுள்ள ஸ்டார்லிங்கைப் பிடிக்கும். வளையமிடுவது மூன்று, நான்கு வாரத்தில். அதற்கு முன் கால் முழுதாகத் தடித்திருக்காது, ஆணா பெண்ணா என்று அளவு சொல்லாது. அதற்குப் பிறகு போனால் பயந்த குஞ்சு விளிம்பைத் தாண்டிக் குதித்துவிடும்.

38 முதல் 45 நாளுக்குள் பறக்கும், எடை குறைந்த ஆண் குஞ்சுகள் முதலில். ஆண்டின் மிக ஆபத்தான நாட்கள் இவை. கண்ணாடியில் வானம் தெரிகிறது, குஞ்சு அதில் மோதுகிறது. தெருவில் இறங்கிவிட்டால் கட்டடங்களுக்கு நடுவே மேலேறக் காற்று போதாது. பாலத்தில் நிலைமை இன்னும் மோசம்: தவறினால் கீழே தண்ணீர். தரையில் குஞ்சைப் பார்த்தால் ஆட்களையும் நாய்களையும் விலக்கி நின்று, காட்டுயிர் மீட்புப் பணியாளரை அழைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, தீனி கொடுக்கக் கூடாது. காயம் இல்லையென்றால் அவர்கள் அதைத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் எடுத்துப்போய் அதே கட்டடத்தின் உயரமான தளத்தில் விடுவார்கள். கை பட்டதால் பெற்றோர் ஒதுக்கிவிடாது. குஞ்சின் கத்தலைக் கேட்டு இரையோடு வரும்.

ஜூன், ஜூலையில் பெற்றோர் இறந்த இரையை நடுவானில் நழுவ விட, குஞ்சுகள் துரத்திப் பிடிக்கும். பொழுது போவதே தெரியாத காட்சி இது. ஆகஸ்டில் இளம் பறவைகள் பிரிந்துபோகும், முதிர்ந்தவை இறகு உதிர்த்து ஒதுங்கியிருக்கும். முகப்புப் பழுதுபார்ப்புக்குச் சாரம் கட்டுவதானால் இதிலிருந்து ஜனவரிக்குள் முடித்துவிட வேண்டும்.

வேட்டையைப் பார்க்க இலையுதிர்காலம்தான் சரி. நகரத்துக்கு நடுவே தேடாதீர்கள். புறா கட்டடங்களுக்கு நடுவே புகுந்தால் தப்பிவிடும். வேகத்தில் பின்தொடரும் வல்லூறு மோதிச் சாகலாம். எனவே ஆற்றின் மேலும் பெரிய பூங்காவின் மேலும்தான் அது பாயும். பாய்ச்சல் வேகம் மணிக்கு 300 கி.மீ. தாண்டும். ஆனால் அது இரையை நோக்கி நேர்கோட்டில் வருவதில்லை. அதன் கண்ணில் மிகக் கூர்மையாகத் தெரியும் புள்ளி முன்னோக்கி இல்லை. பக்கவாட்டில் சுமார் 40 பாகை விலகியிருக்கிறது. அந்தப் புள்ளியால் பார்க்கத் தலையைத் திருப்பினால் காற்றின் தடை கூடி வேகம் குறையும். தலையை நேராக வைத்துக்கொண்டு, இரையை அந்தக் கோணத்திலேயே நிறுத்தியபடி வளைந்த சுருள்பாதையில் இறங்குகிறது. தூரம் கூடினாலும் மொத்தத்தில் இதுவே விரைவு என்று அமெரிக்க ஆய்வாளர் வான்ஸ் டக்கர் 2000-ல் காட்டினார். காலால் அடித்துப் பிடித்த பிறகு, மேல் அலகின் ஓரத்திலுள்ள பல் போன்ற நீட்டலால் கழுத்தெலும்பைத் துண்டிக்கும்.

இரவிலும் வேட்டை உண்டு. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் விளக்கொளியில், தெற்கே வலசை போகும் சிறு பறவைகளின் வயிறு பளிச்சென்று தெரிகிறது. 2004 இலையுதிர்காலத்தில் அங்கே கவனித்தவர்கள் பதிவு செய்த தாக்குதல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெற்றி. நகர விளக்கு வல்லூறுக்கு இரை தேடித் தருகிறது. வலசைப் பறவைக்கு அதே விளக்கு அபாயம். வலசைக் காலத்தில் நள்ளிரவுக்குப் பிறகு அலங்கார விளக்குகளை அணைத்துவிடுவதே நியாயம்.

நம் ஊரில் இதே இனத்தைப் பார்க்க அக்டோபர் முதல் மார்ச் வரை காலம். வடதுருவத் தூந்திரப் பகுதியிலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை அவை. சதுப்பு நிலங்களுக்கு அருகே மின்கோபுரம், கைப்பேசிக் கோபுரம், உயர்ந்த மாடிகளில் அமரும். அவற்றுக்கு வெளிறிய வயிறும் கண்ணுக்குக் கீழே இறங்கும் ஒடுங்கிய கன்னப் பட்டையும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளிலும் இலங்கையின் சிகிரியாவிலும் ஆண்டு முழுவதும் வாழும், இதே இனத்தின் கிளையினமான ஷாஹீன் வல்லூறுக்குத் தலை முழுக்கக் கருமை, வயிறு செம்பழுப்பு. ஏப்ரல் கடந்தும் ஒரு கோபுரத்தை விட்டுப் போகாத வல்லூறைக் கண்டால், முதலில் அதன் வயிற்று நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.