எல்லாம் வெறி இல்லை

“டொக்டர், இது வெறி கேஸ். ரோட்டுக்கரையிலை கிடந்தது.”

ஓட்டோவிலிருந்து இறக்கும்போதே குடிவெறி என்ற தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்கள். கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், அதற்கு முன் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டே போயிருப்பார்கள். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கிறவனுக்கு இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அண்மையில் வந்த ஒருவரோடு பொறுமையும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தைத் தாழ்வாரத்தில் படுத்தெழும்புகிற ஒரு ஐயா. (ஆள் தெரியாமலிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) காலையிலிருந்தே தள்ளாடியிருக்கிறார், வாய் குழறியிருக்கிறது, சேர்ட் நனைய வியர்த்திருக்கிறது. கடை திறக்க வந்தவர்கள் “விடியக் காலமையே தொடங்கிட்டார்” என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மத்தியானம் வலிப்பு வந்த பிறகுதான் யாரோ ஓட்டோ பிடித்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் குருதியில் சீனி 31. எழுபதுக்குக் கீழே போனாலே நாங்கள் கவனிக்கத் தொடங்குவோம். சாராய மணம் துளியும் இல்லை. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிச் சில நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது, “என்ரை பை எங்கை?”

பை குப்பையோடு போய்விட்டது. ஆளை ஏற்றிய கையோடு அந்த இடத்தைக் கூட்டிக் கழுவிவிட்டார்களாம். அந்த உரப்பையில்தான் அவருடைய கிளினிக் கொப்பி, குளிசைகள், அடையாள அட்டை எல்லாம் இருந்தன. பிறகு ஆறுதலாகக் கதைத்தபோது விஷயம் வெளியே வந்தது. முதல் நாள் இரவு சாப்பாடு கிடைக்கவில்லை. காலையிலும் இல்லை. ஆனால் நீரிழிவுக் குளிசையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். “ஒருநாளும் விடக்கூடாதெண்டு கிளினிக்கிலை சொன்னவை.” எங்கள் ஆட்களுக்கும் இதில் ஒரு சொல்: ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று குளிசைப் பையில் எழுதிக் கொடுக்கிறோமே, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்கிறோமா?

இனி வழக்கமான கேள்விக்கு வருகிறேன். “சரி டொக்டர், அவரிலை மணக்கேல்லை. சாராயம் மணத்தால் வெறிதானே?”

இல்லை. மணத்தால் இன்னும் கூடப் பயப்பட வேண்டும்.

குடிக்கிறவர் விழுவார். விழுந்தால் தலை அடிபடும். பல வருடம் குடித்தவருக்கும் வயதானவருக்கும் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால், சின்ன அடியிலேயே மண்டையோட்டுக்குள் இரத்தம் கசியும். உடனே தெரியாது. நாட்கள், சில வேளை கிழமைகள் கழித்து மயக்கமும் தள்ளாட்டமுமாக வரும், அன்று பார்த்து அவர் இரண்டு கிளாஸ் போட்டிருப்பார். அப்புறம், வெறும் வயிற்றில் குடித்தால் சீனி இறங்கும், ஏனென்றால் ஈரல் புதிதாகச் சீனி தயாரிப்பதைச் சாராயம் தடுக்கிறது. நெடுநாள் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவருக்குத் தயமின் என்ற விற்றமின் குறையும். கால் தள்ளாடும், கண் ஒருபக்கமாக இழுக்கும், கதை தடுமாறும். பார்த்தால் அச்சு அசல் வெறிதான். ஊசியாக அந்த விற்றமினை நேரத்துக்குக் கொடுத்தால் மீட்கலாம், விட்டுவிட்டால் ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடலாம். திடீரென்று குடியை நிறுத்தினாலும் ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இன்னொன்று, நீரிழிவு மிகவும் கூடிப்போனவரின் மூச்சில் கனிந்து அழுகிய பழம் போல ஒரு மணம் வரும். கசிப்பு (கள்ளச்சாராய) மணம் என்று முடிவுகட்டிக் கொண்டுவந்து விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நாங்களே இரத்தம் எடுத்து, சீ.ரி. ஸ்கான் செய்துதான் முடிவுக்கு வருகிறோம். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் போகிறவருக்கு எப்படித் தெரிந்தது?

சரி, என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றுமில்லை. கிட்டப் போய் “ஐயா”, “அம்மா” என்று கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். எழுபது வயது மனிதரைக் காலால் தட்டி “டேய் எழும்படா” என்பதை இந்த ஊரில் நான் பார்த்திருக்கிறேன், எங்கள் வாசலிலேயே. பதில் இல்லையென்றால், அல்லது பதில் குழறினால், 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, ஒரு சதமும் தேவையில்லை. போனில் “வெறிகாரர் ஒருத்தர்” என்று தொடங்காதீர்கள். சுயநினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா, எந்தச் சந்தி, இவ்வளவும் போதும். மூச்சு இருந்தால் பக்கவாட்டாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ தயவுசெய்து ஊற்ற வேண்டாம், அது நுரையீரலுக்குத்தான் போகும். நினைவோடு இருந்து விழுங்கவும் முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுக்கலாம். முகத்தில் தண்ணீர் அடித்துத் ‘தெளிய வைக்கிற’ வேலை வேண்டவே வேண்டாம்.

பையையும் கூடவே ஏற்றிவிடுங்கள். எவ்வளவு அழுக்காக இருந்தாலும்.

“அடையாள அட்டை இல்லாதவரை எடுப்பினமோ?” என்று தயங்குகிறவர்களும் உண்டு. அரச ஆஸ்பத்திரியில் உயிர் காக்கிற சிகிச்சைக்கு அட்டை தேவையில்லை. பெயர் தெரியாவிட்டாலும் கட்டில் கிடைக்கும். எங்கள் தலையிடி ஆள் சுகமான பிறகுதான் தொடங்கும், எங்கே அனுப்புவது? கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது, ஆனால் தெருவில் இருக்கிற எல்லோரும் முதியோர் இல்லையே. நாற்பத்தைந்து வயதில், மனநோயோடு, வீட்டார் கதவைச் சாத்தியவரை என்ன செய்வது? பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரோடு கதைத்துக் கதைத்து ஒவ்வொருவராக வழி பண்ண வேண்டியிருக்கிறது.

மனநோய் என்றதும் நினைவு வருகிறது. பஸ் நிலையத்தில் தனக்குத்தானே கதைத்துக்கொண்டு திரிகிறவரைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பெடியள் “விசர், விசர்” என்று கூப்பிட்டுக் கல்லெறிகிறார்கள், பெரியவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் பலர் மாதத்துக்கு ஒரு ஊசியோடு அமைதியாக இருக்கக்கூடியவர்கள். அந்த ஊசி தவறியதும்தான் பிரச்சினை தொடங்குகிறது. உங்கள் சந்தியில் அப்படி ஒருவர் இருந்தால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். இரவிலும் எடுக்கலாம். பொலிசைக் கூப்பிட்டு ‘அப்புறப்படுத்துவது’ மருத்துவம் இல்லை. அலைந்து திரிகிறவரைக் குற்றவாளியாகப் பார்த்தது 1841இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். கோயில் திருவிழா நெருங்க நெருங்க ஊர் ஆட்களும் அதே கதையைத்தான் கதைக்கிறார்கள்.

அடுத்தது, தானம் கொடுப்பதைப் படம்பிடித்துப் போடுகிற வீடியோக்காரர்கள். வெளிநாட்டிலிருந்து பிறந்தநாளுக்குக் காசு வருகிறது, ஒருவரைப் பிடித்து இருத்தி முடி வெட்டி, குளிப்பாட்டி, புதுச் சாரம் கட்டி, சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து, “அண்ணாவுக்கு வாழ்த்துச் சொல்லுங்கோ” என்று கமராவைப் பார்க்க வைக்கிறார்கள். பசியோடு இருக்கிறவர் சொல்லத்தான் செய்வார். அதைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். தங்கள் தகப்பன் இங்கே தெருவில் இருப்பது தெரியாத பிள்ளைகள் அங்கே இருக்கக்கூடும். அது பிள்ளைகளுக்குத் தெரிவதில் அவருக்கு விருப்பமில்லாமலும் இருக்கலாம். காசு அனுப்புகிற உறவுகளே, படம் கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். இங்கே சோறு அவ்வளவு அருமையில்லை. செல்வச்சந்நிதி கோயிலுக்குப் போனால் அன்னதானம் கிடைக்கும், திருவிழாக் காலத்தில் ஒரே நாளில் மூன்று பார்சல் சேர்ந்து பழுதாகும். கிடைக்காதவை வேறு: இரவில் பூட்டாத மலசலகூடம், குளிக்க ஒரு குழாயடி, காலில் போட ஒரு செருப்பு, புண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டப் போக ஓட்டோக் காசு. நீரிழிவுக்காரர் காலைக் கழற்ற வேண்டி வருவது பல வேளைகளில் வெறுங்காலில் குத்திய ஒரு சின்ன முள்ளில் தொடங்கியதுதான். பிறந்தநாளுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால் ஒரு மாத ஓட்டோக் காசைப் பொறுப்பெடுங்கள்.

ஆஸ்பத்திரி விடுதிக்கு வருகிற உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கத்துக் கட்டிலில் இப்படி ஒருவர் இருந்தால் “எங்கடை அப்பாவை வேறை இடத்துக்கு மாத்துங்கோ” என்று தாதியோடு சண்டை பிடிக்காதீர்கள். மணம் வந்தால் சொல்லுங்கள், கழுவி விடுவோம். அவரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள், அதனால் அப்பாவுக்குக் கொண்டுவருகிற இடியப்பத்தில் அவருக்கும் ஒரு பங்கு கொடுக்க மனம் வரும், கொடுங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா, இன்றைக்குச் சாப்பிடலாமா என்று தாதியிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.