சஃபாரி: சவாரி அல்ல, கானுலா

காட்டு விலங்குகளை அவை வாழும் இடத்துக்கே போய்ப் பார்க்கும் பயணம் என்பதுதான் சஃபாரிக்கு இன்று எல்லாரும் கொள்ளும் பொருள். மூலச் சொல்லில் காடும் இல்லை, விலங்கும் இல்லை.

அரபியில் ‘ஸஃபர்’ என்றால் பயணம். அரபு வணிகர்கள் வந்துபோன கிழக்காப்பிரிக்கக் கரையில் அது சுவாகிலி மொழிக்குள் போய் ‘சஃபாரி’ ஆனது. அங்கே கென்யாவின் மொம்பாசாவில் பஸ் ஏறி நைரோபி போவதும் சஃபாரிதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் இச்சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது வேட்டைப் பொருள் ஏறிக்கொண்டது. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மொம்பாசாவில் இறங்கித் தொடங்கிய பெருவேட்டை அதை இன்னும் பரப்பியது. துப்பாக்கியின் இடத்துக்குக் கேமரா பிறகுதான் வந்தது.

இதே வேரில் பிறந்த ‘முசாபர்’ தமிழுக்குப் பழையது. முசாபரி பங்களா என்றால் வழிப்போக்கர் தங்கும் விடுதி. இஸ்லாமிய மாதமான ஸஃபர் வேறு சொல். தமிழில் ஒன்றுபோல் எழுதினாலும் அரபியில் முதல் எழுத்தே வேறு. சஃபாரிக்கு ஈடாகச் சிலர் எழுதும் ‘வன சவாரி’யில் வரும் சவாரிக்கும் சஃபாரியோடு உறவில்லை. அது பாரசீகச் சொல், ஏறிச் செல்வதைக் குறிப்பது.

தமிழில் ‘கானுலா’ பொருந்துகிறது. கான் என்றால் காடு. உலா என்பதில் சுற்றித் திரும்புவது அடங்கியிருக்கிறது. விடியலில் முகாமை விட்டுக் கிளம்பி, சுற்றி, கதவடைப்பதற்குள் திரும்பும் வண்டிப் பயணத்துக்கு இதைவிடச் சரியான சொல் கிடைக்காது. பல நாள் நீளும் முழுப் பயணத்தைக் கானகப் பயணம் எனலாம். இரண்டையும் சஃபாரி என்றே எழுதுவதால்தான், ‘ஐந்து நாள் சஃபாரி’ என்ற விளம்பரத்தில் எத்தனை முறை காட்டுக்குள் அழைத்துப் போவார்கள் என்பது தெரியாமல் போகிறது. பணம் கட்டும் முன் உலாக்களின் எண்ணிக்கையைக் கேட்டுவிட வேண்டும்.

‘குளிர்காலச் சஃபாரி’ இன்னும் குழப்பமானது. தென்னாப்பிரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். அங்குள்ள குரூகர் தேசியப் பூங்காவில் அது மழையற்ற காலம். புல் சாய்ந்து, இலை உதிர்ந்து, பார்வைக்கு மறைப்பு குறைகிறது. சிறு குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் நிலையான நீர்நிலைகளைத் தேடி வருகின்றன. பூங்காவின் ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாம் வரை சாபி ஆற்றை ஒட்டிப் போகும் சாலையும், லோயர் சாபிக்குப் பக்கத்திலுள்ள சன்செட் அணையும் இப்பருவத்தில் களைகட்டுவது அதனால்தான். ஆக, காரணம் குளிர் அல்ல, வறட்சி. ‘வறள்பருவக் கானுலா’ என்றால் பெயரிலேயே விஷயம் இருக்கும்.

குளிரையும் அலட்சியம் செய்யக் கூடாது. விடியலில் வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும்; திறந்த வண்டி ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்று குளிரை இன்னும் கூட்டும். நண்பகலில் 25 பாகையைத் தொடும். ஒரே தடித்த கோட்டு இங்கே உதவாது. பனியன், கம்பளிச் சட்டை, காற்றுப் புகாத மேலாடை என அடுக்கிப் போட்டு வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். குல்லாயும் கையுறையும் கட்டாயம். மலேரியா அபாயம் இப்பருவத்தில் குறைவுதான், ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சொந்தமாக வண்டி ஓட்டுவோர் தவறுவது நேரக் கணக்கில். குரூகரில் மே முதல் ஜூலை வரை முகாம் கதவு காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடுகிறது. தார்ச்சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ., மண்சாலையில் 40. ஆனால் நின்று நின்று பார்த்துப் போனால் சராசரி 25தான் தேறும். எனவே 50 கி.மீ. தள்ளியிருந்தால் மூன்றரை மணிக்கே வண்டியைத் திருப்பிவிட வேண்டும். வழியில் யானைக் கூட்டம் மறித்தால் அதற்கும் நேரம் வேண்டும், தாமதித்தால் அபராதம்.

கடற்கரையையும் சேர்ப்பவர்களை ‘குளிர்காலம்’ என்ற ஒற்றைச் சொல் நன்றாகவே ஏமாற்றும். கேப் டவுனுக்கு மழைக்காலமே இதுதான். அதன் பக்கத்து ஹெர்மானஸ் கரையில் ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கிலங்கள் வரும் என்றாலும், மழை விலகி அவற்றைக் கரையிலிருந்தே நிதானமாகப் பார்க்க செப்டம்பர் நல்லது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் கரை நேர்மாறு: உலர்ந்த வானிலை, பகலில் 22, 23 பாகை. காண்டாமிருகங்களுக்குப் பேர்போன ஹுலுஹுலுவே-இம்ஃபொலோசி பூங்காவும், திமிங்கிலம் பார்க்கப் படகு கிளம்பும் செயின்ட் லூசியாவும் அங்கே அருகருகே இருப்பதால், ஜூன், ஜூலையில் போகிறவர்கள் கானுலாவையும் கடலுலாவையும் இடையில் விமானம் ஏறாமலே முடிக்கலாம்.