கென்டக்கி கற்பாலம்: தன் பாரமே தனக்குக் காவல்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஸ்லேட் என்ற சிற்றூருக்கு அருகே நேச்சுரல் பிரிட்ஜ் மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கே மலைமுகட்டில் 24 மீட்டர் நீளமும் 20 மீட்டர் உயரமும் கொண்ட மணற்கல் வளைவு ஒன்று நிற்கிறது. பாலம் என்றதும் ஆறுதான் குடைந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் ஆறு ஓடுவது அடிவாரத்தில். இதைக் குடைந்தது மழைநீரும் பனியும்.

அடிவாரத்திலிருந்து ஏறும்போதே காரணம் கண்ணில் படும். கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழமையான மணற்கல். இந்த மணற்கல் எல்லா அடுக்கிலும் ஒரே உறுதியாக இல்லை. மணலைப் பிணைத்திருக்கும் சிலிக்காவும் இரும்பு ஆக்சைடும் அதிகமுள்ள அடுக்கு தாக்குப்பிடிக்கிறது. குறைந்த அடுக்கு பொலபொலவென உதிர்கிறது. விரிசலில் இறங்கும் நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரிவடைந்து பாறையை நெம்புகிறது. மெல்லிய முகட்டின் இருபுறமும் இப்படிக் குடைவுகள் உள்ளே போய், நடுவில் சந்தித்தால் துளை. பிறகு கூரையிலிருந்து பாளம் பாளமாக விழுந்து, துளை பெரிதாகிறது.

அப்படியானால் எல்லாமே விழுந்திருக்க வேண்டாமா? தட்டையான கூரையின் அடிப்பகுதி இழுவிசைக்கு ஆளாகிறது. மணற்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் இழுபடும் பகுதி கழன்று விழுந்து, அமுக்கப்படும் வளைவு மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான். 2014-இல் செக் நாட்டின் யிர்ஷி புரூத்தான்ஸ் குழுவினர், பிணைப்புப் பொருள் ஏறக்குறைய இல்லாத மணற்கல் கட்டிகளை நீரில் வைத்துப் பார்த்தார்கள். பாரம் ஏற்றாத கட்டி கரைந்து குவியலானது. பாரம் ஏற்றிய கட்டியோ ஓரங்களில் மட்டும் உதிர்ந்தது. உதிர உதிர, மிஞ்சிய பகுதியின் மேல் அழுத்தம் கூடியது; மணல்மணிகள் ஒன்றோடொன்று இறுகிக் கோத்துக்கொண்டன; அரிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. பாரம் சுமக்காத மணல் போய்விடுகிறது, சுமக்கும் மணல் நிற்கிறது.

ஏறுவதற்குத் தூரம் குறைந்த வழிகள் இரண்டு. 1890-களில் ரயில் கம்பெனி போட்ட ‘ஒரிஜினல் டிரெயில்’ 1.2 கிலோமீட்டர், சீரான ஏற்றம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே ஏற்றது. ‘பேலன்ஸ்டு ராக்’ பாதையில் சுமார் 600 படிகள். முழங்கால் வலிக்காரர்கள் அதில் இறங்குவதைத் தவிர்க்கலாம். கம்பிவட நாற்காலியில் போனால் பாலத்துக்கு 200 மீட்டருக்குள் இறக்கிவிடும், குளிர்காலத்தில் ஓடாது.

பாலத்தின் மேற்பரப்பு சுமார் 6 மீட்டர் அகலம். ஓரத்தில் கைப்பிடி கிடையாது. வழுக்குவது மழையால் மட்டுமல்ல, வழவழப்பான பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த மணலாலும்தான். ஆகவே அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் உள்ள காலணி வேண்டும். இடி கேட்டால் உடனே இறங்கிவிட வேண்டும், முகட்டில் ஒதுங்க இடமில்லை. பாறையில் பெயர் செதுக்குகிறவர்கள் கெடுப்பது அழகை மட்டுமல்ல. பாறையின் வெளிப்புறத்தில், நீரோடு வந்த தாதுக்கள் படிந்து இறுகிய தோல் இருக்கிறது. உள்ளே நகத்தால் சுரண்டினாலே உதிரும் மணல். தோலில் கீறல் விழுந்த இடத்தில் அரிப்பு வேகம் பிடிக்கும்.